சாலையோர வரிசைகள்

பின்னறை யாருக்கு என்பதைச் செடிகளே சொல்லட்டும் என்று சாப்பாட்டு மேசையில் அப்பா தீர்ப்புச் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இன்று அந்தச் செடிகளைப் பிடுங்கும் நாள்.

இடையில் ஒன்றிரண்டு வாரம் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா விதைக்கடைக்காரர். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அந்த அறையில் பெரியவள் கண்ணாடிக் குழாய்களில் பாக்டீரியா வளர்க்கிறாள். நோய் தருகிற இனம் அல்ல. சோயாச் செடியின் வேரில் குடியேறி, முடிச்சு முடிச்சாக வீடு கட்டிக்கொண்டு, காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் இனம். அதைக் கரித்தூளில் கலந்து, சர்க்கரைக் கரைசல் தெளித்த விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். விதை கருப்பாகிவிடும். இதையெல்லாம் எத்தனை முறை விளக்கிச் சொன்னாலும் தெருவில் அவள் பெயர் 'கிருமிக்காரி'தான்.

சின்னவன், அவள் தம்பி, கடையைப் பார்த்துக்கொள்கிறான். கடையில் மூட்டை அடுக்க இடமில்லை. பின்னறை காலியானால் பெரிய விதைக் கம்பெனியின் சரக்கை வாங்கி நிரப்பிவிடலாம் என்பது அவன் கணக்கு. அதே கம்பெனி பெரியவளின் கரித்தூளையும் தன் விதையோடு சேர்த்து விற்கலாமா என்று யோசிக்கிறது. வயலில் வித்தியாசம் தெரிந்தால் கம்பெனி அவள் பக்கம், அறையும் அவளுக்கு. தெரியாவிட்டால் அறை தம்பியின் கோடவுன். இவ்வளவுதான் விஷயம்.

காலையில் பெரியவள் அறைக் கதவைத் திறந்தபோது சின்னவன் உள்ளே டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அளவு மட்டும் எடுத்துக்கறேன்க்கா. நீ தோத்தாதான் இது உபயோகப்படும்."

"ஜெயிச்சா?"

"ஒரு துண்டுக் காகிதம் வீண். பெரிய நஷ்டம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் இன்று காலை அவள் மனம் அவ்வளவு இலேசாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். கடைக்குச் சொந்தமாகச் சாலையோரம் ஒரு வயல் இருக்கிறது. புதிதாக என்ன விதை வந்தாலும் அங்கே போட்டுக் காட்டுவார். அதில் எது சிறந்ததோ அதுதான் சாலைப் பக்கத்து வரிசைகளில் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்து, "ரோட்டோரத்துல போட்டிருக்கீங்களே, அந்த விதை" என்று கேட்பார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கவே இல்லை அவர். சாலையோரமே பலகை.

இந்த முறை சாலையோரத்தில் அவர் போட்டது பெரியவளின் கருப்பு விதையை. உள் பக்கத்தில்தான் தூள் புரட்டாத வெறும் விதை. எந்தப் பக்கம் எது என்று அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அறையில் பாக்டீரியா வளர்க்கும் புதுக் கரைசல் அடுப்பில் இருந்ததால் விதைப்புக்கு அவளால் போகவும் முடியவில்லை. "வெறும் விதையை முதல்ல போடுங்கப்பா, கருப்பு அப்புறம்" என்று மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். அவரும் சரி சரி என்று போனார். முளை விட்ட பிறகு வயலில் அப்பா நட்டிருந்த அடையாளக் குச்சிகளைப் பார்த்தவள் வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். உன் வேலை நன்றாக இருக்கிறது என்று அப்பா ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சாலையோரத்தில் போட்டுச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்போடுதான் இன்றும் வயலுக்குப் போனாள்.

கம்பெனி ஆய்வாளர் முன்பே வந்து காத்திருந்தார். இளம் வயது, மூக்குக் கண்ணாடி, பாலிஷ் போட்ட ஷூ. வரப்பு ஈரத்தைப் பார்த்து ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தார். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். யாரும் கேட்காமலே கடையின் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலரை வரச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு அழைத்தவர் மாதிரி ஒவ்வொருவரையும் எதிர்கொண்டு போய்க் கூட்டிவந்தார். அவர்களில் நெட்டையர் என்பவர் மட்டும் கொஞ்சம் வாய்க்காரர்.

"பொண்ணு வளர்த்த பாக்டீரியாவுக்குப் பரிட்சையாம். நாங்க எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

முதலில் சாலையோர வரிசைகள். ஆய்வாளர் கைகாட்டிய செடிகளைச் சின்னவன் மண்ணோடு தோண்டி எடுத்தான். பெரியவள் வாளித் தண்ணீரில் வேரை மெல்ல அலசினாள். மண் கரைந்ததும் வேர் முழுக்க முடிச்சுகள், மணி கோத்தாற்போல். ஒரு முடிச்சைப் பிளேடால் நறுக்கி ஆய்வாளரிடம் நீட்டினாள். உள்ளே நல்ல சிவப்பு. சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த ஊர் மண்ணில் இதற்கு முன் சோயா போட்டதே இல்லை, இந்த இனம் மண்ணில் தானாக இருக்க வழியில்லை, ஆகவே வெறும் விதையில் முளைத்த செடிக்கு முடிச்சே இருக்காது என்று அவர்களுக்கு விளக்கினாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருந்தால் என்ன?

ஆய்வாளர் நடு வரப்பைத் தாண்டி, ஷூவில் சேறு படாமல் எட்டுகிற முதல் வரிசையைக் காட்டினார். அது வெறும் விதை போட்ட பக்கம். சின்னவன் தோண்டினான். அவள் அலசினாள்.

முடிச்சுகள்.

அவள் அலசுவதை நிறுத்தவில்லை. மண் உருண்டையாக இருக்குமோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். உதிரவில்லை. நறுக்கினாள். சிவப்பு.

"இதுலயும் இருக்கே" என்றார் ஆய்வாளர். குற்றம் சொல்லும் குரல் அல்ல. மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அடுத்த செடி. அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நெட்டையர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, இதற்குத்தானா இத்தனை குழாயும் அடுப்பும், மண்ணே பார்த்துக்கொள்கிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பெரியவள் முதலில் தம்பியைத்தான் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவள் மனதில் வந்தது என்ன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இவன்தான் ஏதோ செய்துவிட்டான். ஆனால் சின்னவன் கையில் செடியோடு வாய் பிளந்து நின்றான். நடிக்கத் தெரிந்தவன் அல்ல அவன். நடிக்கத் தெரிந்திருந்தால் காலையில் டேப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வயலுக்குள் இறங்கினாள். அடுத்தடுத்த வரிசைகளில் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிக்கொண்டே போனாள். போகப் போக முடிச்சு குறைந்தது. நடு வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றும். வேலி ஓரத்துக் கடைசி வரிசையில் வேர் வெள்ளை வெளேரென்று நூல் போல இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை. செடியும் வெளிறிப்போய் இருந்தது.

அங்கேயே குந்திவிட்டாள். இப்போது அவளுக்குப் புரிந்தது.

விதைத்தது கையால் தள்ளும் விதை வண்டியில். சக்கரத்துக்கு மேல் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து மண்ணுக்கு ஒரு குழாய். கருப்பு விதையை அதில் போட்டால் பெட்டியின் உள்பக்கமெல்லாம், அடுப்பங்கரைச் சுவரில் புகை படிகிற மாதிரி, கரித்தூள் படிந்துவிடும். பிறகு அதே பெட்டியில் வெறும் விதையைக் கொட்டினால் அந்தத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் வரிசைக்கு நிறைய, அடுத்ததற்குக் கொஞ்சம், கடைசிக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் வெறும் விதை முதலில் என்று அவள் சொல்லி அனுப்பினாள். ஏன் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு விதைப்பைப் பற்றி யார் ஏன் என்று சொல்ல முடியும்?

அப்பா எதை முதலில் போட்டிருப்பார்? கேட்கவே தேவையில்லை. அவர் பழக்கம் முழுவதும் அவளுக்குத் தெரியும். காலைக் குளிர்ச்சியில், கை அலுக்கும் முன்னால், சாலையோரத்தைத்தான் முதலில் விதைப்பார். நல்லது எதுவோ அது முதலில். அவள் சரக்கை நல்லது என்று அவர் நினைத்த ஒரே நாளில், அந்த நினைப்பே அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டது.

வெள்ளை வேரோடு திரும்பி வந்தாள். ஆய்வாளரிடம் வரிசைப்படி செடிகளை அடுக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். மழைத்தண்ணீர் சாலைப் பக்கத்திலிருந்து அடித்து வந்திருக்கலாமே என்றார். வேலிப் பக்கம்தான் மேடு, தண்ணீர் மேலே ஏறாது என்றாள் அவள். அவர் குனிந்து வயலின் சரிவைப் பார்த்தார். தலையசைத்தார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் அப்படி எழுதணும்னா, விதைச்சவங்க சொல்லணும். எதை முதல்ல போட்டாங்கன்னு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அப்பா, கருப்பு விதையைத்தானே முதல்ல போட்டீங்க?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவரைக் கூண்டில் ஏற்றும் எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

நெட்டையர் இடையில் நுழைந்தார். "விதை போடறதுல முதலாளியையே குறை சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். நாங்க எல்லாம் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுதாம்மா விதைக்கறோம்."

ஒருவேளை அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. அப்பா சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தார். அதையே மறுபடி பிரித்துவிட்டார்.

"நீ என்ன சொன்னியோ அப்படித்தான் போட்டேன்" என்றார்.

"அப்பா."

"வெறும் விதை முதல்ல. கருப்பு அப்புறம். எனக்கு விதைக்கத் தெரியாதா?"

கேள்வி அவளிடம். பதில் சொன்னது வாடிக்கைக்காரர்கள். அது எப்படித் தெரியாமல் போகும், அவருக்குத் தெரியாததா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியவள் கையில் இருந்த வெள்ளை வேரை வாளிக்குள் போட்டாள்.

வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். புறப்படும்போது அவளிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னார். இன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில்தான் தங்குகிறாராம், காலையில் முதல் பஸ். அதற்குள் விதைத்தவர் வந்து வேறு மாதிரி சொன்னால், எழுதினதை மாற்றுவதில் தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லையாம். அவள் நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா முன்னால் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் சரியாக உட்காரவில்லை. சாப்பாடு முடியும் முன்பே சின்னவன் வண்டியை வரவழைத்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்துவிட்டான். அறையில் இருந்த ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதற்குள்தான் மூலக் குழாய்கள் இருந்தன. எல்லாப் பாக்டீரியாவும் அவற்றிலிருந்து எடுத்து வளர்த்தவைதான். அவை கெட்டால் திரும்ப முதலிலிருந்து.

அவள் ஒவ்வொரு குழாயாக எடுத்து ஈரத்துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கையைப் பிசைந்தான். பிறகு உதவிக்கு வந்து, ஒரு குழாயை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தான்.

"அதை வை. உன் கைச்சூடு ஆகாது."

வைத்துவிட்டான்.

"உனக்கும் தெரியும்ல?" என்று கேட்டாள், பெட்டியைப் பார்த்தபடியே.

"என்ன தெரியும்?"

"அப்பா எதை முதல்ல போட்டிருப்பார்னு. நீயும் அவர்கூட எத்தனை தடவை விதைச்சிருக்கே. சாலையோரத்தை விட்டுட்டு உள்பக்கம் ஆரம்பிச்சு ஒருநாளாவது பார்த்திருக்கியா?"

சின்னவன் கீழே கிடந்த பிளக் ஒயரைக் காலால் ஒதுக்கினான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் அந்த அளவுக்கு மோசமில்லை.

"தெரிஞ்சா மட்டும்? அத்தனை பேர் முன்னாடி அப்பா பொய் சொல்றார்னு நான் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம்டா. மூட்டையை இறக்க நாளைக்கு வரைக்கும் பொறுத்திருக்கலாம்."

வாசலில் வண்டிக்காரர் மூட்டையை எங்கே இறக்குவது என்று குரல் கொடுத்தார். சின்னவன் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனான். ஆனால் போகும் முன் ஃப்ரிட்ஜின் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனான். அது யாருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் அளக்க வேண்டாம். மூட்டைகள் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தன.

பொழுது சாய்வதற்குள் அறையில் பாதி நிறைந்துவிட்டது. அவளுடைய மேசை மட்டும் ஓரத்தில், நாலு பக்கமும் மூட்டைகளுக்கு நடுவே. மேசை மேல் கரித்தூள் பொட்டலம் ஒன்று, கடைசியாகத் தயாரித்தது. வெயில் படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

அப்பா வந்தார். சலவைச் சட்டையை மாற்றியிருந்தார். மூட்டைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று அவள் பொய் சொன்னாள்.

மேசை மேலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தூள் மிச்சம் இருக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"நாளைக்குக் கீழ நிலத்துல சோயா போடறேன். வெறும் விதையா போட மனசு வரல."

முதலில் அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. காலையில் அத்தனை பேர் முன்னால் அவள் வேலை ஒன்றுமில்லை என்று எழுத வைத்த மனிதர், சாயங்காலம் தன் சொந்த நிலத்துக்கு அதையே கேட்டு வந்து நிற்கிறார். சிரிப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

"அது வேலை செய்யும்னு நம்பறீங்களா?"

"நம்பறதென்ன. பயிரைப் பார்த்தாலே தெரியுதே. சாலையோரம் எவ்வளவு பச்சை. வேலியோரம் எப்படி வெளிறிக் கிடக்குது."

வேலியோரத்தையும் பார்த்திருக்கிறார். எப்போது பார்த்தார், எத்தனை நாளாகப் பார்க்கிறார் என்று அவள் கேட்கவில்லை. எழுந்து துண்டை விலக்கிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

"கீழ நிலத்துல வெறும் விதையும் போடுவீங்களா?"

"ஓரத்துல கொஞ்சம். பார்க்கறதுக்கு."

"எதை முதல்ல போடுவீங்க?"

வாசலில் மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது. அப்பா அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு மூட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்தத் தடவை வெறும் விதையை."

அவ்வளவுதான் அவர் ஒப்புக்கொண்டது. வேறு எவரும் இல்லாத அறையில், வெளியே போகாத ஒரு வார்த்தை.

"அந்த ஆய்வாளர் லாட்ஜுலதான் இருக்கார், நீங்க சொன்னா எழுதினதை மாத்தறேன்னார். காலையில பஸ் வர்றதுக்குள்ள இதை அவர்கிட்ட சொல்லிட்டு வாங்கப்பா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பழக்கத்துல மாத்திப் போட்டுட்டேன்னு, இது மட்டும்."

"இந்த வயசுல என்னை விதைக்கத் தெரியாதவன்னு சொல்லிக்கச் சொல்றே."

"இன்னிக்கு நான் ஒண்ணும் தெரியாதவளா ஆயிட்டேன். அதை மட்டும் மாத்தச் சொல்றேன்."

அவர் கையை நீட்டினார். சம்மதமா, பொட்டலத்துக்காக மட்டுமா, அந்தக் கையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பொட்டலத்தின் ஒரு முனை அவர் பிடிக்குள் வந்தது.

மறுமுனையை அவள் விடவில்லை.